இரு வைகறைகளுக்கிடையே ஒரு வால்வெள்ளி

வைகறை என்று தமிழில் நாம் ஒரே சொல்லால் குறிப்பதை இஸ்லாமியச் சட்டவியல் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறது. முதலில் தோன்றுவது சுப்ஹு காதிப், அதாவது பொய் விடியல். கீழ்வானிலிருந்து மேல்நோக்கி நெட்டுக்குத்தாக எழும் மங்கிய வெண்மை அது. அதன் பின்னர் அடிவானத்தின் வழியே இடமும் வலமுமாகப் பரவும் ஒளியே சுப்ஹு ஸாதிக் எனும் மெய்விடியல். நோன்பாளி உணவை நிறுத்துவதும் சுப்ஹுத் தொழுகையின் நேரம் தொடங்குவதும் இரண்டாவதைக் கொண்டே. இப்பாகுபாட்டை மதரஸாவில் ஓதிய எவரும் அறிவர். ஆனால் பொய் விடியலைத் தம் கண்ணால் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? தொழுகை நேர அட்டவணை பள்ளிவாசல் சுவரில் தொங்கத் தொடங்கியபின் அதைக் காண வேண்டிய தேவை நமக்கு இல்லாமற் போயிற்று. காண விரும்பினாலும் நகரத்து விளக்கொளியில் அது தென்படுவதில்லை.

2024 ஆம் ஆண்டின் அக்டோபர்த் தொடக்கத்தில் ஒரு வால்வெள்ளியைப் படம் பிடிப்பதற்காகப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நண்பர்களுடன் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்த நமக்கு, அந்தப் பொய் விடியலைப் பார்க்கும் பேறு கிட்டியது. தேடிச் சென்றது ஒன்று, கிடைத்தவை இரண்டு. இரண்டுக்கும் உள்ள உறவு நாம் எண்ணியிருந்ததைக் காட்டிலும் நெருக்கமானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வால்வெள்ளியைப் பற்றிச் சில செய்திகள். 2023 ஜனவரி 9 அன்று சீனாவின் ஊதாமலை வானாய்வகம் அதன் படத்தைப் பதிவு செய்தது. அவ்வாண்டு பிப்ரவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லாஸ் தொலைநோக்கி அதனைத் தனியே கண்டறிந்தது. ஊதாமலையின் சீனப் பெயரையும் சேர்த்து அதற்கு ‘ட்சூச்சின்ஷான் - அட்லாஸ்’ எனப் பெயரிட்டனர். வானியலாரின் பதிவேட்டில் அதன் குறியீடு சி/2023 ஏ3. முற்காலத்தில் வால்வெள்ளியைக் கண்டவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இப்போது காண்பவை பெரும்பாலும் தானியங்கிக் கருவிகளாதலால் கருவிகளின் பெயர்களே வழங்குகின்றன. கருவியின் துணையின்றித் தற்செயலாகக் கண்டு பெயர் பெற்றோர் அருகிவிட்டனர். நம் நாட்டவரான வைணு பாப்பு 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒரு படத்தகட்டில் புதிய வால்வெள்ளியொன்றைக் கண்டு, அது பாப்பு - பாக் - நியூகிர்க் எனப் பெயர் பெற்றது. அவருடைய தந்தையார் ஹைதராபாத் நிஜாமிய்யா வானாய்வகத்தில் பணியாற்றியவர் என்பதும், ஜவ்வாது மலைக் காவலூரில் உள்ள ஆய்வகம் இன்று அவர் பெயராலேயே விளங்குகிறது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கவை.

ட்சூச்சின்ஷான் - அட்லாஸ் 2024 செப்டம்பர் 27 அன்று சூரியனுக்கு மிக அண்மையில், ஏறத்தாழ 5.9 கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. புதன் கோளின் பாதையை ஒட்டிய தொலைவு அது. அக்டோபர் 12 அன்று புவிக்கு ஏறத்தாழ 7 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கியது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட முதற்பகுதியில் அது வானில் சூரியனுக்கு மேற்கே நின்றது. சூரியனுக்கு மேற்கே நிற்கும் பொருள் சூரியனுக்கு முன்னே உதிக்கும். ஆகவே செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் முதல் சில நாட்களிலும் அதைக் காண வேண்டுமாயின் கிழக்கு வெளுப்பதற்குச் சற்று முன்பாக அடிவானத்தை நோக்க வேண்டும். சூரியோதயத்திற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் முன்னதாக அது எழும். சற்று நேரத்தில் விடியல் அதை விழுங்கிவிடும். நமக்குக் கிடைத்த அவகாசம் முக்கால் மணி நேரத்திற்குள் அடங்குவது.

அக்டோபர் 2 காந்தி ஜயந்தி விடுமுறை. அன்றே அமாவாசையும் கூடியது. ஹிஜ்ரி 1446 ரபியுல் அவ்வலின் கடைசி நாட்களாதலால் நிலவின் தொந்தரவு அறவே இல்லை. ஆசிரியர் ஒருவர், அரபுக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஆலிம் ஒருவர், திருமணங்களுக்குப் படமெடுக்கும் தொழில் செய்பவர் ஒருவர், லெப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த வணிக நண்பர்கள் இருவர் என நம் குழு அமைந்தது. வானியலைத் தொழிலாகக் கொண்டவர் ஒருவரும் இலர். இரண்டு கேமராக்கள், இரண்டு டிரைபாட், ஒரு பைனாகுலர், தரையில் விரிக்க இரண்டு பாய்கள், ஒரு பெரிய பிளாஸ்க் நிறையத் தேநீர் ஆகியவையே சாதனங்கள்.

இரவின் முற்பகுதியைப் பெரம்பலூர் மாவட்டத்தில் காரை - குளக்காநத்தம் பக்கமாகக் கழித்தோம். மழை அரித்து அரித்து வரிவரியாகப் பிளந்து கிடக்கும் செம்மஞ்சள் களிமண் மேடுகள் கொண்ட பகுதி அது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம். அம்மோனைட் எனும் சுருள் ஓட்டு உயிரிகளின் கல்லுருக்கள் இங்கே கிடைப்பதால் உலகப் புவியியலாளர்களிடையே காரை என்னும் சிற்றூரின் பெயர் பிரபலம். சற்றுத் தொலைவில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். காலத்தின் நீட்சியை நினைவூட்டும் இத்தகைய மண்ணில் படுத்துக்கொண்டு வானைப் பார்ப்பது ஒரு தனி அனுபவந்தான். எனினும் நாம் அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் எளியது. அங்கே தெருவிளக்குகள் இல்லை.

வானில் நாம் கண்ட பெயர்கள் பலவும் நம் ஆலிம் நண்பருக்கு அறிமுகமானவையாய் இருந்தன. ஆங்கில நூல்களில் வேகா என்பது அன்னஸ்ருல் வாகிஃ (இறங்கும் கழுகு). அல்டேர் என்பது அன்னஸ்ருத் தாயிர் (பறக்கும் கழுகு). தெற்கே தனித்து நின்ற ஃபோமல்ஹாட், ஃபமுல் ஹூத் என்பதன் மரூஉ. ‘மீனின் வாய்’ என்பது அதன் பொருள். டெனெப் என்பது தனப், அதாவது வால். அன்னத்தின் வடிவில் ஐரோப்பியர் கண்ட விண்மீன் கூட்டத்தை அரபியர் கோழியாகக் கண்டனர். டெனெப் அக்கோழியின் வால். இந்த ‘தனப்’ என்ற சொல்லை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம். வால்வெள்ளிக்கு அரபியில் வழங்கும் பெயரும் ‘தூ தனப்’, வாலுடையது என்பதே. இன்னுமொரு வால் கட்டுரையின் பின்பகுதியில் வரும்.

நள்ளிரவில் ஆண்ட்ரோமெடா உச்சியை நெருங்கியது. வெறும் கண்ணுக்குப் புகைத்துளி போல் தெரியும் அதன் பேரண்டத் தொகுதியை முதன்முதலில் எழுத்தில் பதிவு செய்தவர் இஸ்ஃபஹானில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. 964 ஆம் ஆண்டளவில் எழுதிய நிலை விண்மீன்கள் பற்றிய நூலில் அதனை அவர் ஒரு சிறு மேகம் என்றே குறிப்பிட்டுள்ளார். ஐரோப்பாவில் தொலைநோக்கி வழியே அதைப் பார்த்து சைமன் மாரியஸ் எழுதியது 1612இல். ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அவ்வொளியை அஸ்ஸூஃபிக்குக் காட்டியது இருண்ட வானமும் பழகிய கண்ணும் மட்டுமே. காரையில் அன்றிரவு நம் கண்களும் அரைமணி நேரம் இருளில் பழகியபின் அதனைக் கண்டன. இடையில் ஒருவர் கைப்பேசியைத் திறந்து மணி பார்த்ததால் அனைவரும் மறுபடி கண்களைப் பழக்க வேண்டியதாயிற்று. வானம் பார்ப்போரிடையே கைப்பேசித் திரை பெரும் குற்றம்.

காரை உச்சிவானுக்கு ஏற்ற இடமேயன்றிக் கிழக்கு அடிவானத்திற்கு ஏற்றதன்று. அங்கிருந்து நேர் கிழக்கே அரியலூர் இருக்கிறது. பழங்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே அரியலூரைச் சிமெண்டு நகரமாக்கியது. ஆலைகளின் இரவு விளக்குகளும் சுரங்கங்கள், லாரிகள் எழுப்பும் நுண்தூசியும் சேர்ந்து கீழ்வானில் ஆரஞ்சு நிற மூட்டமாய்க் கவிந்திருந்தன. அடிவானத்திலிருந்து ஐந்து, பத்து பாகை உயரத்திற்குள் தோன்றி மறையும் வால்வெள்ளிக்கு அம்மூட்டம் ஒரு திரை. ஆகையால் இரண்டு மணிக்குப் புறப்பட்டு, அரியலூரைக் கடந்து தெற்கே திருமழபாடிப் பக்கம் கொள்ளிடத்தின் வடகரைக்குச் சென்றோம். ஆறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதால் கரையில் நின்று கீழ்த்திசையை நோக்கினால் மரமோ வீடோ குறுக்கிடாது. மணலும் நீரும் அடிவானமுமே. ஊர் வெளிச்சங்கள் நமக்குப் பின்னும் பக்கவாட்டிலுமாய் ஒதுங்கிவிட்டன.

மூன்றரை மணிக்கு ஓரியன் உயர ஏறியிருந்தது. தெற்கே சுஹைல் (நம் முன்னோரின் அகத்திய மீன்) ஆற்றுக்கு மேலே பளிச்சிட்டது. நான்கு மணியளவில் கிழக்கே ஒரு வெண்மை. விடியல் தொடங்கிவிட்டதோ என ஒருவர் ஐயுற்றார். அடிப்பகுதி அகன்றும் மேலே செல்லச் செல்லக் குறுகியும், சற்றே சாய்ந்த கூம்பாய், சிம்மக் கூட்டத்தை ஊடுருவி நின்றது அவ்வொளி. பால்வீதியின் ஒளியைவிடச் சற்றுக் குறைவு எனலாம். அதன் அடியில் அடிவானம் இருண்டே கிடந்தது. ஆலிம் நண்பர் எழுந்து நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, ‘இருபது வருசமா கிதாபுல படிச்சும் சொல்லிக்கொடுத்தும் வந்திருக்கேன். இன்னைக்குத்தான் பாக்குறேன்’ என்றார்.

அதுவே சுப்ஹு காதிப்.

நோன்பின் எல்லையைக் குறிக்கும் வசனம் திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில் (2:187) வருகிறது. வெள்ளை நூலும் கறுப்பு நூலும் பிரித்தறியப்படும்வரை உண்ணவும் பருகவும் அது அனுமதிக்கிறது. அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் உண்மையாகவே இரு நூல்களைத் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்ததும், குறிக்கப்படுவது இரவின் கருமையும் பகலின் வெண்மையுமே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. நெடுக்காக எழும் வெண்மை உங்களை ஏமாற்ற வேண்டாம், அகலமாகப் பரவுவதையே கவனியுங்கள் என்ற கருத்தமைந்த அறிவிப்புகளும் உள்ளன. அந்நெடிய ஒளி சில அறிவிப்புகளில் ‘தனபுஸ் ஸிர்ஹான்’, ஓநாயின் வால் என உவமிக்கப்பட்டுள்ளது. மேலே நாம் மனத்திற்கொள்ளச் சொன்ன மூன்றாவது வால் இதுவே. ஓநாய் வாலை உயர்த்தி நிற்கும் கோலத்தைப் பாலைவாசிகள் அறிந்திருந்தனர். அடியில் தடித்து மேலே மெலியும் அக்கூம்பைக் கண்டபின் உவமையின் துல்லியம் விளங்கியது.

ஐரோப்பாவில் இவ்வொளியை அறிவியல் நோக்கில் ஆராயத் தொடங்கியவர் கஸ்ஸீனி, 1683இல். சூரியனைச் சுற்றிக் கோள்களின் தளத்தில் பரவிக் கிடக்கும் நுண்தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுவது அது. இராசி மண்டலத்தின் வழியே நீள்வதால் இராசி மண்டல ஒளி என வானியலார் அழைக்கின்றனர். சூரிய ஒளியே ஆயினும் நம் காற்று மண்டலத்தில் உண்டாவதன்று. விடியலின் முன்னோடியும் அன்று. சூரியன் அடிவானத்திற்கு வெகு கீழே இருக்கும்போதும் அது தெரியும். ஆகையால் அதைப் ‘பொய்’ என்றது மிகப் பொருத்தம். (குயீன் என்ற புகழ்பெற்ற இசைக்குழுவின் கித்தார்க் கலைஞர் பிரையன் மே, இத்தூசியின் இயக்கத்தை ஆராய்ந்து 2007இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். நம் தஃப்ஸீர் வகுப்பில் வரும் ஒரு பொருள் அங்கே ஒரு கித்தார்க் கலைஞரின் ஆய்வேடாயிற்று!)

அத்தூசி எங்கிருந்து வந்தது என்பதே நம் கட்டுரையின் மையக் கேள்வி. தூசி அவ்விடத்திலேயே என்றும் நிலைத்திருக்க இயலாது. சூரிய ஒளியின் விளைவால் அதன் துகள்கள் மெல்ல மெல்லச் சுழன்று சூரியனை நோக்கி இறங்கி அழிகின்றன. எனவே இடைவிடாமல் எதுவோ புதிய தூசியைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுகோள்கள் மோதிச் சிதறுவதே பிரதான ஊற்று என முன்னர் எண்ணியிருந்தனர். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இத்தூசியின் மிகப் பெரும்பகுதி வியாழனின் ஈர்ப்புக்கு உட்பட்ட வால்வெள்ளிகள் உதிர்த்ததே எனக் கணக்கிட்டது. வேறு ஊற்றுகளைக் குறிப்பிடுவோரும் உளர். எனினும் வால்வெள்ளிகளின் பங்கை மறுப்பார் இலர். சுருங்கக் கூறின், ஓநாயின் வால் என நம் முன்னோர் கண்டது பெருமளவில் எண்ணற்ற வால்வெள்ளிகளின் உதிர்ந்த வால்களே.

வால்வெள்ளி என்பது பனியும் தூசியும் கலந்த ஒரு சிறு பிண்டம். அழுக்குப் பனியுருண்டை என்ற கருத்தை 1950இல் ஃப்ரெட் விப்பிள் முன்வைத்தார். 1986இல் ஜியோட்டோ விண்கலம் ஹாலி வால்வெள்ளியின் கருவையும், 2014இல் ரோசெட்டா விண்கலம் வேறொரு வால்வெள்ளியின் கருவையும் அருகிருந்து படமெடுத்தன. கரி போன்று கறுத்த, சில கிலோமீட்டர் அளவேயுள்ள பிண்டங்கள் அவை. சூரியனை நெருங்குகையில் பனி ஆவியாகி வெடித்தெழும்போது தூசியும் உடன் கிளம்புகிறது. மின்னூட்டம் பெற்ற வாயு சூரியக் காற்றால் உந்தப்பட்டு நேராகச் செல்லும் வாலாகிறது. தூசியோ ஒளியின் அழுத்தத்தால் சற்றே வளைந்த இரண்டாவது வாலாகிறது. கண்ணுக்குத் துலங்குவது பெரும்பாலும் இத்தூசிவாலே. இரண்டும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நோக்கும். ஆதலால் வால்வெள்ளி சூரியனை விட்டு விலகிச் செல்லும்போது வாலை முன்னே நீட்டியவாறு செல்கிறது.

மணி 4.40ஐத் தாண்டியதும் கேமராக்களைக் கிழக்கே திருப்பினோம். இங்கே படமெடுக்கும் முறையைச் சற்று விளக்குவது பயன்தரும். இதற்கு விலையுயர்ந்த கருவி இன்றியமையாததன்று. புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால் நெடுநேரம் ஒளியேற்றினால் விண்மீன்கள் கோடுகளாக நீண்டுவிடும். 500ஐ லென்சின் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் நொடிகளுக்குள் படத்தை முடித்துவிட வேண்டும் என்பது நடைமுறை விதி. 50 மில்லிமீட்டர் லென்சாயின் 10 நொடி, 135 ஆயின் 3 நொடிக்குச் சற்று மேல். சிறிய சென்சார் உள்ள கேமராவில் இன்னும் குறைக்க வேண்டும். தானியங்கிக் குவியம் இருளில் பயன்படாது. பிரகாசமான விண்மீனொன்றைத் திரையில் பெரிதாக்கிக் கையால் குவித்துவிட்டு, குவிய வளையத்தை நாடாவால் ஒட்டிவிடுவது பழகியவர் வழக்கம். நாம் சீரியஸைக் கொண்டு குவித்தோம். குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்துப் பின்னர்க் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் குறைந்து மெல்லிய வால் வெளிப்படும். ஒரு கேமரா 135 லென்சுடன் வால்வெள்ளிக்கு. மற்றொன்று அகன்ற லென்சுடன், அரை நிமிடத்திற்கொரு படம் வீதம் ஒரே அமைப்பில் தானாகவே கீழ்வானைப் பதிவுசெய்யுமாறு வைக்கப்பட்டது. இரண்டாவதை வைத்தது திருமணப் படக்கலைஞரின் யோசனை. பிற்பாடு அதுவே மிக்க பயன் தந்தது.

4.50க்குக் கேமராத் திரையில் ஆற்றுக்கு மேலே ஒரு சிறு கீற்று தெரிந்தது. ஐந்து மணிக்குள் பைனாகுலரில் தலை ஒரு மஞ்சள் புள்ளியாகவும் வால் மேல்நோக்கி நிமிர்ந்தும் தெரிந்தன. வெறும் கண்ணுக்கு, இடத்தை அறிந்தபின் பார்த்தால் மட்டும், ஒரு சிறு தீற்றல். படங்களில் கண்டதைப் போன்ற காட்சியைக் கண்ணால் எதிர்பார்ப்போர் ஏமாறுவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேமரா ஒளியைச் சேமிக்கிறது. கண் சேமிப்பதில்லை.

அப்போது வயலுக்கு நீர் பாய்ச்சக் கரைவழியே வந்த முதியவர் ஒருவர் நின்றார். ‘என்ன பாய், இந்நேரத்துல கேமராவெல்லாம் வச்சிக்கிட்டு?’ என்றார். பைனாகுலரைக் கொடுத்துக் காட்டினோம். பார்த்தவர், ‘தூமகேதுல்ல இது? இது மொளச்சா நாட்டுக்கு ஆகாதுன்னு எங்க அப்பாரு சொல்லுவாரு’ என்றார். மறுபடியும் பைனாகுலரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

அவர் கூறியது பழந்தமிழ் நம்பிக்கைதான். புறநானூற்றின் 117ஆம் பாடலில், வானில் தீக்குறிகள் தோன்றினும் பாரியின் பறம்பு நாடு வளங்குன்றாது எனப் பாடும் கபிலர், அக்குறிகளுள் ஒன்றாகத் தூமத்தைச் சேர்த்துள்ளார். முஸ்லிம்களிடத்தும் இவ்வச்சம் இல்லாமலில்லை. 837இல் ஹாலி வால்வெள்ளி புவிக்கு மிக அருகே வந்தது. மறு ஆண்டு கலீஃபா முஃதஸிம் அமூரிய்யா மீது படையெடுத்தபோது நேரம் சரியில்லை எனச் சோதிடர்கள் தடுத்ததாகவும், அவர் அதைப் புறக்கணித்து வென்றதாகவும் வரலாறு. அவ்வெற்றியைப் பாடிய கவிஞர் அபூதம்மாம், மேற்கே தோன்றிய வாலுடைய விண்மீனைக் காட்டி அச்சுறுத்திய சோதிடர்களைத் தம் கவிதையில் எள்ளி நகையாடினார். அவ்விண்மீன் ஹாலியே எனக் கருதுவோர் உண்டு.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. 1577 நவம்பரில் பெரும் வால்வெள்ளியொன்று தோன்றியபோது இஸ்தான்புல்லில் சுல்தான் மூன்றாம் முராதின் ஆதரவில் புதிய வானாய்வகத்தை நடத்தி வந்தவர் தகிய்யுத்தீன். அளவைக் கருவிகளில் அவர் காலத்து ஐரோப்பியருக்குச் சற்றும் இளைக்காதவர். ஆனால் சுல்தானின் விருப்பத்திற்கேற்ப அவ்வால்வெள்ளி பாரசீகப் போரில் வெற்றியை அறிவிக்கிறது எனச் சோதிடம் கூறினார். அதே வால்வெள்ளியை டென்மார்க்கில் டைக்கோ பிராஹே அளந்து, அது நிலவுக்கும் அப்பால் இருப்பதை நிறுவினார். வால்வெள்ளிகள் காற்று மண்டலத்தின் புகைகள் என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கை அதனால் ஆட்டங்கண்டது. கொள்ளைநோயும் அரசவைப் பகைமையும் சேர 1580இல் இஸ்தான்புல் ஆய்வகம் இடித்துத் தள்ளப்பட்டது. இடித்தவர்களைக் குறைகூறுவது நம் வழக்கம். வானியலைக் குறிசொல்லும் கலையாக அரசனுக்கு விற்கும் நிலை இல்லாதிருந்தால் அதனை இடிக்கும் வாதத்திற்கு வலு குறைந்திருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நபிகளாரின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மறைவுக்காகவே கிரகணம் நேர்ந்தது என மக்கள் பேசினர். தந்தையாய்த் துயருற்றிருந்த அந்நிலையிலும் நபியவர்கள் அதனை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் இரு அத்தாட்சிகள் என்றும், எவர் பிறப்புக்கோ இறப்புக்கோ அவை மறைவதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உள்ளது. வால்வெள்ளிக்கு இதனைப் பொருத்திப் பார்க்க நீண்ட சிந்தனை தேவையில்லை. கொள்ளிடக்கரை முதியவருக்கு நம் ஆலிம் நண்பர் இதை எளிய சொற்களில் கூறியபோது, ‘அதுவும் சரிதான்’ என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடச் சென்றார்.

இதற்கிடையே கிழக்கே மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. கூம்பு ஒளியின் அடியில், அடிவானத்தை ஒட்டி, வடக்கும் தெற்குமாக மெல்லிய வெண்பட்டை ஒன்று படர்ந்தது. நெடுக்கு ஒளி கலங்கி அதனுள் கரைந்தது. மெய்விடியல். வால்வெள்ளி அதன் மேலே நின்றது. சில நிமிடங்களுக்குப் பின், கேமராக்கள் தாமே இயங்கிக்கொண்டிருக்க, மணலில் பாய் விரித்து சுப்ஹு ஜமாஅத் நடத்தினோம். நம் ஊர்களில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. எனவே வால்வெள்ளிக்கு முதுகு காட்டியே நின்றோம். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது அது ஏறத்தாழ மறைந்திருந்தது.

பின்னர் வீட்டில் அகன்ற லென்சின் படங்களை வரிசையாகப் பார்த்தபோது அது வால்வெள்ளியின் பதிவாக மட்டுமின்றி விடியலின் பதிவாகவும் இருக்கக் கண்டோம். அன்று அவ்விடத்தில் சூரியோதயம் ஏறத்தாழ 6 மணி. சூரியன் அடிவானத்திற்குக் கீழே 18 பாகையில் இருந்த நேரம் கணக்கின்படி 4.50ஐ ஒட்டியது. 15 பாகை எனில் 5.02. படங்களில் அடிவானப் பட்டையின் முதற்சுவடு 4.50க்குச் சற்றுப் பின் தெரிகிறது. நம் கண்ணுக்கு அது உறுதிப்பட்டது ஏழெட்டு நிமிடங்கள் கழித்து. ஓர் இரவின் பதிவைக் கொண்டு எவரும் அட்டவணையைத் திருத்தப் புறப்படலாகாது. ஆற்றோரப் பனிமூட்டமும் தொலைதூர ஊர்வெளிச்சமும் அதில் கலந்துள்ளன. ஆயினும் நம் சுவரில் தொங்கும் எண்கள் எதைக் குறிக்கின்றன என்பது அன்று முதன்முறையாகப் புலப்பட்டது.

அவ்வெண்கள் வானிலிருந்து இறங்கியவையல்ல, கண்டு தொகுத்தவை. அல்பீரூனி தம் கானூனுல் மஸ்ஊதியில் விடியலின் படிநிலைகளை விவரித்து 18 பாகை அளவைக் குறித்தார். இடைக்காலப் பள்ளிவாசல்களில் முவக்கித் எனும் நேரக்கணிப்பாளர் பதவி இருந்தது. டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் முவக்கித்தான இப்னு ஷாத்திர் தம் காலத்துத் தலைசிறந்த வானியலார். இன்று உலக முஸ்லிம் லீக் 18 பாகையையும், எகிப்து 19.5ஐயும், வட அமெரிக்க இஸ்லாமிய அமைப்பு 15ஐயும் கொள்கின்றன. நம் அட்சரேகையில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம். 15க்கும் 18க்கும் இடையே 12 நிமிடம். நோன்பாளிக்கும், விடிவதற்கு முன்னரே சுப்ஹு தொழுதுவிடுவோமோ என அஞ்சுபவருக்கும் அது சிறிய இடைவெளியன்று. இந்தோனேசியாவின் முஹம்மதிய்யா பேரமைப்பு பல ஊர்களில் வானொளியை அளவுக் கருவிகளால் பதிவுசெய்து ஆராய்ந்தபின், நெடுங்காலம் பின்பற்றிய 20 பாகையை 2021இல் 18ஆக மாற்றிக்கொண்டது. அவர்கள் செய்தது பெரிய அளவில் அதுவே. இருண்ட இடத்திற்குச் சென்று கிழக்கைப் பார்த்தனர்.

தமிழகத்தில் அத்தகைய இருண்ட கிழக்கு ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் இருக்கும்வரை ஆலைகள் இருக்கும். அவை பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு. விளக்குகளை மேல்நோக்கி வீசவிடாமல் மூடியிட்டுத் தரைக்குத் திருப்புவதற்கு அப்பிழைப்பு தடையன்று. இதை வலியுறுத்த வானியல் கழகங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறதெனில் ஜமாஅத்துகளுக்கு இரு காரணங்கள் உள.

அக்டோபர் நடுவில் அவ்வால்வெள்ளி சூரியனின் மறுபுறம் வந்து மாலை மேற்கு வானில் மக்ரிபுக்குப் பின் இன்னும் நன்றாகத் தெரிந்தது என வடநாட்டு நண்பர்கள் படங்கள் அனுப்பினர். அக்டோபர் 15 அன்று வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதால் நமக்குக் கிடைத்தது முகில்கள் மட்டுமே. அதன் பாதை ஏறத்தாழத் திறந்த வளைவு என்பதால் நம் தலைமுறைக்கு அது மீளாது. பொய் விடியலுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. செப்டம்பர் இறுதியில், மழை தொடங்குமுன், அமாவாசையை ஒட்டிய நாட்களில் நான்கு மணிக்குக் கிழக்கே அதனைப் பார்க்கலாம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதே ஒளி இஷாவின் தொடக்க நேரத்தில் மேற்கே நிற்கும். பைனாகுலர் தேவையில்லை. ஊருக்கு வெளியே ஒரு ஏரிக்கரையும், அரைமணி நேரம் கைப்பேசியைத் திறக்காத பொறுமையும் போதும்.